தன்மை நவிற்சிக்கு எடுத்துக்காட்டு

அச்சகத்தின் பின்னறையில் பெரியவளும் சின்னவளும் ஏழு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து புரூஃப் பார்த்தவர்கள். கூடப் பிறந்தவர்கள். ஒருத்தி மூலத்தை வாய்விட்டுப் படிப்பாள். இன்னொருத்தி அச்சுத் தாளில் சிவப்புப் பேனாவை ஓட்டிக்கொண்டே போவாள். நிறுத்தக்குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "மழை விட்டது முற்றுப்புள்ளி புதுப் பத்தி அவன் காற்புள்ளி அவள் காற்புள்ளி" என்று ஏற்ற இறக்கமே இல்லாமல், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். பழகிப்போய் வீட்டிலும் சின்னவள், "சாப்பாடு ஆறுது ஆச்சரியக்குறி" என்றுதான் கூப்பிடுவாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர்கள் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடத் துணைநூல்கள். உவமை, உருவகம், சிலேடை எல்லாம் இருவருக்கும் தண்ணீர் பட்ட பாடு.

சின்னவளுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய நகரம். பெண் பார்க்க வந்த அன்றே காபி குடித்த டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தவர். அம்மா அந்த ஒரு டம்ளரில் கவிழ்ந்துவிட்டாள். "தங்கமான மாப்பிள்ளை" என்று அன்று சொன்னவளுக்கு அதற்கப்புறம் வாய் ஓயவே இல்லை.

முதலில் தினம் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும், அதுவும் மாப்பிள்ளையின் போனிலிருந்து, ஸ்பீக்கரில். "எதுக்குக்கா ரெண்டு போனு, இதுவே போதும்" என்று சின்னவள் சிரித்தாள். பெரியவள் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அவள் தேடவும் இல்லை.

அந்த வருடம் முதலாளி ஒரு புதுப் புத்தகம் போட நினைத்தார். இலக்கியச் சொற்களுக்கு எளிய விளக்கம், நாற்பத்திரண்டு சொல். "பழைய பாட்டெல்லாம் வேணாம்மா. பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி உதாரணத்த நீங்களே எழுதிடுங்க" என்றார். விளக்கத்தைப் பெரியவள் எழுதினாள். எடுத்துக்காட்டுக்குச் சின்னவள்தான் சரி என்று, சொற்களின் பட்டியலை மட்டும் தபாலில் அனுப்பிவைத்தாள். மாப்பிள்ளையும் போனில், "நல்லதுதான் அண்ணி, வீட்ல சும்மாதானே இருக்கா" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தடித்த உறை வந்தது. மேல் விலாசம் மாப்பிள்ளையின் கையெழுத்து. உள்ளே சின்னவளின் உருண்டை எழுத்தில் பன்னிரண்டு பக்கம்.

பெரியவள் டீயை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள். உவமைக்கு, 'மழை விட்ட தெருவைப் போல் அவள் முகம் கழுவி விடப்பட்டிருந்தது.' நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். உருவகத்துக்கு ஒன்று, எதுகைக்கு ஒன்று. உயர்வு நவிற்சி வந்தது. ஒன்றை அளவுக்கு மீறி மிகைப்படுத்திச் சொல்வது அது. மலையளவு சோறு, கடலளவு கண்ணீர் என்று ஏதாவது இருக்கும் என்று பார்த்தால், சின்னவள் இப்படி எழுதியிருந்தாள்:

'கதவைத் திறந்தேன். தெருவில் இறங்கிக் கடை வரைக்கும் நடந்தேன். சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.'

பெரியவள் உச்சுக்கொட்டினாள். இதில் என்ன மிகை இருக்கிறது? மூன்று பக்கம் தள்ளித் தன்மை நவிற்சி. எதையும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்வது. அதன் கீழே:

'அந்த அரசன் வெளியே கிளம்பினால் பகலையும் சேர்த்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அவனுக்குச் சோறு ஆறிப்போன நாளில் அரசியின் உள்ளங்கையில் சூரியன் உதித்தது.'

சரிதான், இரண்டும் இடம் மாறிவிட்டது. கல்யாணம் ஆனதும் படித்ததெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது கழுதைக்கு. பெரியவள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, இடம் மாற்றச் சொல்லும் குறியைப் போட ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு துணைநூலில் இதே இரண்டு சொல்லும் இடம் மாறி அச்சாகிவிட்டன. முதலாளி பரவாயில்லை என்றார். சின்னவள் விடவில்லை. அத்தனை பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினால்தான் ஆயிற்று என்று இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து தானே ஒட்டினாள். அவளுக்கு எது மாறினாலும் இது மாறாது.

அப்படியானால் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு படித்தால்?

பெரியவள் மறுபடி படித்தாள். கடைக்குப் போய் சோப்பு வாங்குவது, நடக்க முடியாத மிகை. பகலைப் பூட்டிக்கொண்டு போவது, உள்ளது உள்ளபடி. உள்ளங்கையில் சூரியன், உள்ளது உள்ளபடி. டீயில் ஆடை படிந்து கிடந்தது. பின்னறை இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். அவர் அச்சகத்தின் புத்தகக் கட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேன்காரர். இரண்டு தாளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு அணின்னா மரத்துல ஓடற அணில் மட்டும்தான் தெரியும். நீ சொல்றது தப்பாக்கூட இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"தப்பா இருக்கணும்னுதானே நெனைக்கற?"

அவர் தாளை மடிக்காமல் கவனமாக மேசையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழம பேசு. மெதுவாக் கேளு. அந்த ஆளு பக்கத்துல இருப்பான்றத மறந்துடாத."

ஞாயிறு பத்து மணிக்கு போன் அடித்தது. அம்மா முதலில் பேசினாள். மாப்பிள்ளையின் உடம்பு, வேலை, தூக்கம் எல்லாவற்றையும் விசாரித்தாள். பெரியவள் வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் தட்டில் கரண்டி படும் சத்தம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, பக்கமெல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சுடி. நல்லா எழுதியிருக்க. ரெண்டு எடத்துல மட்டும் மாறிப்போச்சோன்னு சந்தேகம்."

கரண்டிச் சத்தம் நின்றது. "என்ன அண்ணி, பிழையா? நானே ஒரு வரி விடாமப் படிச்சுப் பார்த்துத்தானே அனுப்பினேன்" என்றார் மாப்பிள்ளை, சிரித்தபடி.

"பெரிசா ஒண்ணுமில்ல மாப்பிள்ள. அந்த ராஜா கத தன்மை நவிற்சில இருக்கு. கடைக்குப் போறது உயர்வு நவிற்சில இருக்கு. ரெண்டையும் மாத்திப் போட்டுடவாடி?"



"வேணாம்க்கா. யோசிச்சுத்தான் வெச்சேன்."

"அச்சுக்குப் போற புஸ்தகம்டி. தப்புன்னா என் தலைதான் உருளும்."

"தப்பில்லக்கா. ரெண்டும் அதது எடத்துலதான் இருக்கு."

சின்னவள் அதைச் சொன்ன குரலில் அழுகை இல்லை, அவசரம் இல்லை. திருத்தச் சீட்டு ஒட்டியபோது முதலாளியிடம் பேசிய அதே குரல். பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா அண்ணி, எப்பவும் இப்படித்தான், பிடிவாதம்" என்றார் மாப்பிள்ளை. பிறகு சாதாரணமாகக் கேட்டார். "தன்மை நவிற்சின்னா என்ன?"

சின்னவள் அனுப்பிய தாளில் சொல்லும் எடுத்துக்காட்டும்தான் இருந்தன, விளக்கம் இல்லை. அவருக்குத் தெரியாது. இதுவரைக்கும் தெரியாது.

"அதுவா... ராஜா ராணி கத மாதிரி, சும்மா கற்பனையாச் சொல்றது மாப்பிள்ள."

"ஓ. அப்ப சரியாத்தானே இருக்கு? எதுக்கு மாத்தணும்னீங்க?"

"அதான்... நான்தான் கொழம்பிட்டேன். வயசாகுதுல்ல." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தனக்கே பிடிக்கவில்லை. விட்டால் இன்னும் கேட்பார் என்று அவசரமாகத் தொடர்ந்தாள். "கடைசிப் புரூஃப ரெண்டு பேரா வாசிச்சுப் பாக்கணும்னு மொதலாளி ஒத்தக் கால்ல நிக்கறாரு. அவள ஒரு நாள் அனுப்பி வெக்கறீங்களா?"

"அவளால அவ்வளவு தூரம் முடியாதுண்ணி. நீங்க வாங்க. வியாழக்கிழம நான் லீவு போட்டுடறேன். நான் வீட்ல இருக்கறப்ப வந்தாத்தானே மரியாத?"

போனை வைத்ததும் அம்மா, "தங்கமான மாப்பிள்ள. உனக்காக லீவு போடறாரு பாரு" என்றாள். பெரியவள் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "கதையெழுதச் சொன்னா கததான் எழுதுவா. நீயா எதையாவது முடிச்சுப் போடாத" என்று எழுந்து போனாள். ஆனால் அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

நடுவில் மூன்று நாள். மாப்பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. இரண்டு சொல்லைத் தட்டினால் விளக்கம் வந்துவிடும். புரூஃப் பார்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பல் தேய்க்கும்போது, இந்த நேரத்தில் தேடியிருப்பாரோ, இந்த நேரத்தில் கண்டுபிடித்திருப்பாரோ என்ற நினைப்பே ஓடியது. தான் கேட்டதால்தானே அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது? யாரும் பார்க்காதபோது தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். திங்கள்கிழமை காவல் நிலையத்துக்குப் போன் செய்து கேட்டாள். "சம்பந்தப்பட்டவங்க புகார் குடுத்தாங்களா? ஒரு கத வரிய வெச்சு நாங்க என்னம்மா பண்றது?" என்றார்கள்.

வியாழக்கிழமை விடியுமுன்னே வேனில் கிளம்பினார்கள். பின்னால் நான்கு புத்தகக் கட்டுகள். திட்டம் ஒன்றும் பெரிதில்லை. அவள் மேலே போவாள். பதினொன்றரைக்குக் கணவர், கட்டு இறக்குவதாகச் சொல்லிக் கதவைத் தட்டுவார். கதவு திறந்ததும் சின்னவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டியது.

"தொறக்கலைன்னா?" என்று கேட்டாள்.

"தட்டிட்டே இருப்பேன்" என்றார் வேன்காரர்.

இரண்டாவது மாடி. ஒரே தளத்தில் நான்கு வீடு. மாப்பிள்ளை சலவைச் சட்டையில் கதவைத் திறந்தார். "வாங்கண்ணி, வாங்க." அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தி."

சின்னவள் சமையலறையிலிருந்து வந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. தண்ணீர் டம்ளரை வலது கையால் நீட்டினாள். இடது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. "நல்லாருக்கியாக்கா?" என்றாள்.

வீடு துடைத்து வைத்தது போல் சுத்தம். ஜன்னல்களில் ஒன்று மட்டும் நாலு விரல் அளவு திறந்திருந்தது. மேசையின் இரண்டு பக்கமும் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரித்தார்.

சின்னவள் மூலத்தைப் படிக்க, பெரியவள் பேனாவை ஓட்டினாள். "உவமை முக்காற்புள்ளி ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது முற்றுப்புள்ளி..." குரல் மெலிந்திருந்தது, ஆனால் ஒரு குறிகூடத் தப்பவில்லை. நான்காவது பக்கத்தில் தாளைப் புரட்ட அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்போது பெரியவள் பார்த்தாள். இடது உள்ளங்கை முழுக்கப் புதுத்தோல், இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக. அதன் மேல் வட்டமாக ஒரு தழும்பு, அதைச் சுற்றி இன்னொரு வட்டம். அடுப்பு பர்னரின் அச்சு.

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேனா தாளில் குத்தி நின்றது. சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து.

செய்தித்தாள் மடிக்கப்படும் சத்தம் கேட்டது.

"அண்ணி. அந்தத் தன்மை நவிற்சி. நான் தேடிப் பாத்தேன்."

சின்னவள் படிப்பதை நிறுத்தினாள். மாப்பிள்ளை சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"உள்ளதை உள்ளபடி சொல்றதாம். நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கே? இருவது வருஷமா இதே வேல பாக்கறவங்க. உங்களுக்கா தெரியாது?" அவர் எழுந்து வந்து சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தோள் மேல் கையை வைத்தார். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நானும் யோசிச்சேன். அக்காவும் தங்கச்சியுமாச் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்கன்னு. புரூஃபெல்லாம் போதும்ணி. நீங்க கெளம்புங்க. நாங்க பேசிக்கறோம்."

நாங்க பேசிக்கறோம். தான் இப்போது எழுந்து போனால் இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பது பெரியவளுக்குத் தெரிந்தது. போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் தெரியவில்லை. பதினொன்றரைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அவள் தாளைக் கையில் எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, அச்சகத்து இயந்திரத்துக்கு மேல் கேட்கிற அந்தத் தட்டைக் குரலில், உரக்கப் படித்தாள்.

"தன்மை நவிற்சி முக்காற்புள்ளி உள்ளதை உள்ளபடி சொல்வது முற்றுப்புள்ளி."

"அண்ணி, மெதுவா. பக்கத்து வீட்ல ஆளிருக்கு."

"எடுத்துக்காட்டு முக்காற்புள்ளி" என்று அதைவிட உரக்கப் படித்துவிட்டுப் பெரியவள் நிறுத்தினாள். அடுத்த வரியைச் சொல்ல வேண்டியவள் எதிரே இருந்தாள். பெரியவள் அவளைப் பார்த்தாள்.

சின்னவள் கண்ணைத் திறந்தாள். தோளில் இருந்த கை இறுகுவது தெரிந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை.

"என் இடது கையை அடுப்பில் வைத்து அழுத்தினார் முற்றுப்புள்ளி" என்று படித்தாள். முதல் வரி காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் பழைய குரல் வந்துவிட்டது. "போன மாதம் ஒன்பதாம் தேதி காற்புள்ளி புதன்கிழமை காற்புள்ளி சோறு ஆறிவிட்டது என்று முற்றுப்புள்ளி புதுப் பத்தி தினமும் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார் முற்றுப்புள்ளி எட்டு மாதமாக நான் தெருவைப் பார்க்கவில்லை முற்றுப்புள்ளி புதுப் பத்தி..."

அவர் அவள் வாயைப் பொத்தினார். உடனே பெரியவள் படித்தாள். சொன்னதையே திரும்பப் படித்தாள், இன்னும் உரக்க. எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. யாரோ ஒரு பெண், "என்ன சார் சத்தம்?" என்றாள். படிக்கட்டில் யாரோ இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார்கள். கதவு அதிர்ந்தது.

"சகல, கதவத் தொறங்க. கட்டு கனமா இருக்கு."

மாப்பிள்ளை அசையவில்லை. மறுபடி தட்டல். வெளியே மூன்று நான்கு குரல்கள். "ஏதாவது பிரச்சனையா?" என்று ஒரு ஆண் குரல். மாப்பிள்ளையின் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாக ஒரு கலவரம் தெரிந்தது. வெளியே நிற்பவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கலவரம். கையை எடுத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சாவி இரண்டு முறை தவறி மூன்றாவது முறை பூட்டில் நுழைந்தது.

"ஒண்ணுமில்ல சார். அவளுக்கு உடம்பு சரியில்ல. ஏதோ புஸ்தகம் படிச்சிட்டு இருந்தாங்க" என்று கதவைத் திறந்தபடியே சொன்னார்.

வேன்காரர் கையில் கட்டு எதுவும் இல்லை. அவர் உள்ளே வரவும் இல்லை. கதவு மறுபடி சாத்தாதபடி நிலையில் காலை வைத்துக்கொண்டு நின்றார். பெரியவள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். வா."

சின்னவள் எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது கால் பின்னியது. எதிர்வீட்டுப் பெண் ஒதுங்கி வழிவிட்டாள். அவள் கண் சின்னவளின் உள்ளங்கையிலேயே இருந்தது. இரண்டு மாடியும் இறங்கி வேனில் ஏறிக் கதவைச் சாத்தும் வரை பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நகரத்தைத் தாண்டிய பிறகுதான் கவனித்தாள், சின்னவள் செருப்பில்லாமல் வந்திருந்தாள்.

அதற்கப்புறம் காவல் நிலையம், மருத்துவச் சான்று, வக்கீல் என்று அலைச்சல். எதிர்வீட்டுப் பெண் வந்து சாட்சி சொன்னாள். அம்மா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. சின்னவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், அவ்வளவுதான். மாப்பிள்ளையிடமிருந்து கடிதங்கள் வந்தன. வழக்கு முடிய நாளாகும் என்றார்கள். தெருவில் வண்டிச் சத்தம் நின்றால் பெரியவள் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்ப்பாள். சின்னவளோ குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போடாமல்தான் குளித்தாள்.

பதினோராம் நாள் காலை சின்னவள் அக்காவின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அது அவளுக்கு ஒரு விரற்கடை பெரிது.

"செருப்பு வாங்கிட்டு வரேன்."

"இரு, நானும் வரேன்."

"வேணாம்க்கா."

"அந்த ஆளு எங்கயாவது..."

"பயமாத்தான் இருக்கு. நீ வந்தா நாளைக்கும் நீ வரணும்." அவள் இறங்கி நடந்தாள். பத்தடி போய்த் திரும்பி, "பின்னாடி வராத" என்றாள்.

பெரியவள் போகவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் அந்தப் புடவை திரும்பி மறைந்தது. கடைக்குப் போய்வர இருபது நிமிடம் போதும். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. சலவைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் கடந்து போனபோது அவள் கம்பியை விட்டு ஒரு படி இறங்கிவிட்டாள். அம்மா உள்ளேயிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். போனை எடுத்து வேன்காரரைக் கூப்பிடப் போன நேரத்தில் தெருமுனையில் சின்னவள் தெரிந்தாள்.

மெதுவாக வந்தாள். வியர்த்துக் கொட்டியிருந்தது. கையில் இரண்டு பெட்டி.

"எதுக்குடி ரெண்டு?"

"எது எனக்குப் பிடிக்குதுன்னு தெரியல" என்றாள் சின்னவள். படியில் உட்கார்ந்து, இரண்டு பெட்டியையும் திறந்து வைத்து, ஒரு காலில் ஒன்றும் மறுகாலில் ஒன்றுமாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள்.